விழிப்புணர்வு என்னும் பழி

கோவை ஆர்.எஸ்.புரத்தில் இயற்கை வேளாண்மையைப் பற்றிப் பேச்செழுந்தால் அது பெரும்பாலும் ஒரே முடிவில் வந்து நிற்கிறது: விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை. உழவர் சந்தையில் கீரைக்கட்டை முகர்ந்து மருந்து வாசம் தேடுபவரும் இதைச் சொல்கிறார், மேடையேறும் அதிகாரியும் இதையே சொல்கிறார். லாலி ரோட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தடாகம் சாலையில் மாநில அங்ககச் சான்றளிப்புத் துறை என்று, மண்ணைக் காக்கும் வேளாண்மைக்கு வேண்டிய அறிவும் அதிகாரமும் சில கிலோமீட்டருக்குள் குவிந்திருக்கிற வட்டாரம் இது. இங்கிருந்து பார்க்கிறவருக்கு அறிவெல்லாம் இங்கே இருப்பதாகவும் அறியாமையெல்லாம் தொண்டாமுத்தூரிலும் காங்கயத்திலும் கோபியிலும் இருப்பதாகவும் தோன்றுவது இயல்பு. நடுவில் ஒரு முகாம் போட்டு, துண்டறிக்கை கொடுத்து, மதியச் சாப்பாடு போட்டால் இடைவெளி அடைபட்டுவிடும் என்ற நம்பிக்கையும் அதிலிருந்தே வருகிறது. இந்தக் கருத்து தவறு. கொங்கு நாட்டு விவசாயிகள் எதை ஏற்றார்கள், எதை ஏற்றுப் பின் கைவிட்டார்கள், எதைத் தொடவே இல்லை என்பதைப் பார்த்தால், அவர்களை நகர்த்தியது அந்த ஆண்டின் ஆள், தண்ணீர், கைப்பணம், நிலத்தின் மேலுள்ள உரிமை ஆகிய நான்கும்தான் என்று தெரியும். இந்த நான்கும் ஒத்துவந்த முறை எந்தப் பிரச்சாரமும் இல்லாமல் பரவியிருக்கிறது. ஒத்துவராதது எத்தனை முகாம் போட்டும் நிலைக்கவில்லை.

இந்த மண்ணின் மிகப் பழைய நிலைத்த வேளாண் முறையிலிருந்தே தொடங்கலாம். காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் விரிந்து கிடக்கும் கொரங்காடுகளை எந்தத் துறையும் அறிமுகப்படுத்தவில்லை. மழை குறைந்த மேட்டு நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மாடும் செம்மறியும் மேயும்போது மற்றதை ஆறவிடுவார்கள். புல் காய்ந்துபோகும் காலத்தில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளம் விதைத்து, தட்டை அறுத்துக்கொண்டு, மறுபடி புல்லுக்கு விட்டுவிடுவார்கள். சாணமும் புழுக்கையும் விழுந்த இடத்திலேயே எருவாகின்றன, மண் அரிப்பதில்லை, மருந்துக்கு வேலையே இல்லை. இன்றைய சூழலியல் பாடநூல் கேட்கும் அத்தனையும் இதில் உண்டு. ஆனால் இது நின்றதற்குக் காரணம் கணக்கு சரியாக இருந்ததுதான். வேலி இருந்ததால் மேய்ப்பதற்கு நாள் முழுக்க ஆள் தேவைப்படவில்லை. கவலை இறைக்கவும் ஏர் ஓட்டவும் பாரவண்டி இழுக்கவும் காங்கயம் காளைக்கு எங்கும் தேவை இருந்தது. வானம் பார்த்த பூமியில் வெள்ளாமை பொய்த்தாலும் மாடு காசாகும். பிறகு மோட்டார் வந்தது, டிராக்டர் வந்தது, காளையின் விலை இறங்கியது. காற்றாலைக்கும் சூரிய மின்பண்ணைக்கும் வீட்டுமனைக்கும் நிலம் கேட்டு வந்தவர்கள், மேய்ச்சல் ஒரு தலைமுறையில் தர முடியாத தொகையைக் கையில் கொடுத்தார்கள். கிளுவை வேலி விழுந்தது அப்போதுதான். கொழுக்கட்டைப் புல்லின் அருமை மறந்துபோய் யாரும் விற்கவில்லை. அந்தப் புல்லைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட நம் முகாம்களில் பேசுகிறவர்களுக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கத்துச் சான்று பப்பாளி மாவுப்பூச்சி. இந்தியாவில் இந்தப் பூச்சி முதலில் அடையாளம் காணப்பட்டதே கோவையில்தான், 2008-இல். மெக்சிகோ பகுதியைத் தாயகமாகக் கொண்டது. இரண்டே ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் படர்ந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் மல்பெரித் தோட்டங்கள் பட்ட அடி பெரிது. பூச்சியின் உடம்பு முழுக்க மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் ஒட்டாது. ஒட்டுகிற அளவுக்கு அடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துப்போகும். கிளையை வெட்டி எரித்தார்கள், மறுபடி மறுபடி அடித்தார்கள், கடைசியில் செடியையே பிடுங்கியவர்களும் உண்டு. 2010-இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆய்வு நிறுவனம் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்பது கடுகைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடம்பில் முட்டையிட்டு உள்ளிருந்தே கொன்றுவிடும். அந்த ஆண்டின் பிற்பாதியில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி வினியோகிக்கத் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. ஒரு நிபந்தனைதான் இருந்தது: குளவி விட்ட தோட்டத்தில் மருந்தடிக்கக் கூடாது. பூச்சியை உடம்பு கூசப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எளிதான காரியம் இல்லை. ஆனாலும் விவசாயிகள் இருந்தார்கள். குளவிக்குக் காசு இல்லை, கூடுதல் ஆள் வேண்டாம், இருக்கிற வேலையில் எதையும் மாற்ற வேண்டாம், மருந்துச் செலவோ தாங்க முடியாத இடத்துக்குப் போயிருந்தது. உயிரியல் கட்டுப்பாடு என்ற கொள்கையில் அவர்கள் மனம் மாறும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

சொட்டுநீரின் கதையும் இதே திசையில்தான் போகிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் கிடைக்கிறது. கோவை, பொள்ளாச்சி, உடுமலைத் தென்னந்தோப்புகளில் அது பரவியதைத் தண்ணீர்ச் சிக்கன உணர்வின் வெற்றி என்று விழாக்களில் சொல்கிறார்கள். தோப்பில் நடந்தது வேறு. கடினப் பாறைக்கு மேல் மெல்லிய மண் கிடக்கிற பூமி இது. கிணறு வற்றி, போர் 1000 அடியைத் தாண்டிப் போனபின், வருகிற முக்கால் அங்குலத் தண்ணீரை வாய்க்காலில் விட்டால் அது நாலாவது மரத்துக்கே போய்ச் சேராது. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று பிரித்து வழங்கப்பட்ட ஆண்டுகளில், நடுராத்திரியில் டார்ச் விளக்கும் மண்வெட்டியுமாக மடை திருப்ப ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ கோவைப் பட்டறைக்கோ போய்விட்டிருந்தார். சொட்டுநீர் போட்டால் வால்வைத் திறந்துவிட்டுப் படுக்கலாம். தண்ணீரும் ஆளும் ஒரே நேரத்தில் கைவிட்ட இடத்தில்தான் அந்தக் கறுப்புக் குழாய் தோப்புக்குள் நுழைந்தது. தண்ணீரில் உப்பு மிகுந்து துளை அடைத்துக்கொள்ளும் தோட்டங்களிலும், அணில் கடித்த குழாயை மாற்ற ஆளில்லாத தோட்டங்களிலும் அதே குழாய் சுருட்டி மரத்தடியில் போடப்பட்டிருப்பதையும் காணலாம். இரண்டு தோட்டக்காரருக்கும் கிடைத்த துண்டறிக்கை ஒன்றுதான்.

விழிப்புணர்வுக் கருத்தை முற்றாகச் சாய்ப்பது, தெரிந்தும் நம்பியும் செய்துபார்த்தும் விவசாயிகள் விட்டுவிட்ட முறைகள். தமிழ்நாட்டில் அதற்குத் திருந்திய நெல் சாகுபடியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. மடகாஸ்கரில் உருவாகி, 2000-க்குப் பிறகு கோவைப் பல்கலைக்கழகத்தால் சோதிக்கப்பட்டு, அரசின் முழு ஆதரவோடு ஊர் ஊராகச் செய்துகாட்டப்பட்டது. ஏக்கருக்கு 3 கிலோ விதை, 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்றாக 25 சென்டிமீட்டர் சதுரத்தில் நடவு, காயவிட்டுப் பாய்ச்சல், கோனோவீடர் உருட்டிக் களையை மண்ணுக்குள் அமுக்குதல். விளைச்சல் கூடுவதைப் பலர் தம் வயலிலேயே கண்டார்கள். அப்புறம் என்ன ஆனது? பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பொருளியலறிஞர் கே.பழனிசாமியும் உடனாய்வாளர்களும் 13 மாநிலங்களில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முறைகள் அனைத்தையும் கடைப்பிடித்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மற்றவர்கள் தமக்கு ஒத்துவந்த ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு மீதியை விட்டார்கள். கோபிசெட்டிபாளையத்துத் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்பது நீர்வளத் துறையின் கையில். நடவு ஆட்கள் எப்போது வருவார்கள் என்பது அந்தக் குழுவின் கையில். குழு ஐந்து நாள் தாமதித்தால் 14 நாள் நாற்று 19 நாள் நாற்றாகிவிடும், முறை அங்கேயே உடைந்துவிடும். கயிறு பிடித்து ஒற்றை நாற்று நடுவது நடவுப் பெண்களின் வேகத்தைக் குறைக்கிறது, ஏக்கர் கணக்கில் கூலி வாங்கும் அவர்களுக்கு அது நேரடி நட்டம். வயல் விட்டு வயல் தண்ணீர் பாயும் இடத்தில் மேல்வயல்காரர் பாய்ச்சும்போது கீழ்வயல்காரர் மட்டும் காயவிட முடியாது. 2003-இல் மடகாஸ்கரைப் பற்றி மோசர், பாரெட் என்ற இருவர் எழுதிய கட்டுரையும் இதையே சொன்னது: விளைச்சல் கூடுவது தெரிந்தும் ஏழை விவசாயிகள் அந்த முறையைக் கைவிட்டார்கள், காரணம் அது கேட்ட கூடுதல் உழைப்பு வந்து விழுந்த பருவத்தில் அவர்கள் அன்றைய சோற்றுக்குக் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. இவர்களுக்கெல்லாம் இன்னொரு முகாம் எதைச் சொல்லித் தந்திருக்கும்?

ரசாயன உரத்துக்கு வருவோம். யூரியாவை அள்ளிக் கொட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அடிக்கடி கேட்கிறது. அள்ளிக் கொட்டுவது உண்மை, அதன் காரணம் மூட்டையின் மேல் அச்சிட்ட விலையில் இருக்கிறது. 2010 ஏப்ரலில் மத்திய அரசு சத்து அடிப்படையிலான மானிய முறையைக் கொண்டுவந்து, மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. யூரியாவை மட்டும் அதற்கு வெளியே வைத்துக்கொண்டது. இன்று 45 கிலோ யூரியா மூட்டை ஏறத்தாழ 266 ரூபாய், 50 கிலோ டிஏபி மூட்டை 1350 ரூபாய். இந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சமச்சீராக உரமிடுங்கள் என்று மண்வள அட்டையில் அச்சிட்டுக் கொடுப்பதால் என்ன பயன்? அட்டை சொல்வதை விவசாயி படிக்கிறார், கடையில் விலை சொல்வதைக் கேட்கிறார். களைக்கொல்லியும் அப்படியே. ஒரு ஏக்கர் மஞ்சளுக்கோ சோளத்துக்கோ களையெடுக்கப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேண்டும். ஆட்கள் கிடைக்கிற நாளில் மழை பெய்யும், மழை விட்ட நாளில் ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். ஒரே ஆள் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு அரை நாளில் முடித்துவிடுகிறார். களைக்கொல்லி மண்ணுக்குக் கெடுதல் என்று தெரியாத விவசாயியைக் கொங்கு நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பொள்ளாச்சியில் தென்னை மட்டையை மரத்தடியில் மூடாக்காகப் புதைத்தால் ஈரம் நிற்கும் என்பது பாட்டன் காலத்து அறிவு. நார் ஆலைகள் பெருகி மட்டைக்கு விலை வந்தபின் அது லாரி ஏறுகிறது. அறிவு குறைந்து மட்டை லாரி ஏறவில்லை.

இது கொங்கு நாட்டுத் தனிக்கதை என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்க மக்காச்சோள விவசாயிகள் கலப்பின விதையை ஓரிடத்தில் சீக்கிரமும் இன்னோரிடத்தில் தாமதமாகவும் ஏற்றது ஏன் என்று 1957-இல் ஆராய்ந்த ஸ்வி கிரிலிக்கஸ், வேறுபாட்டின் பெரும்பகுதியை இலாபத்தைக் கொண்டே விளக்கினார். 1964-இல் தியோடர் ஷூல்ட்ஸ், ஏழை விவசாயி தன்னிடம் இருப்பதை வைத்துத் திறமையாகவே பண்ணையம் செய்கிறார் என்று வாதிட்டார். மண்காப்பு வேளாண்மையை யார் ஏற்கிறார்கள் என்ற ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த நோலர், பிராட்ஷா இருவரும் 2007-இல் கண்டது, படிப்போ வயதோ விழிப்புணர்வோ எல்லா இடத்துக்கும் பொருந்துகிற காரணியாக எதுவும் தேறவில்லை என்பது. 2020-இல் ஏறத்தாழ 18,000 ஆவணங்களைச் சலித்து வெளியான ஒரு பெரிய மீளாய்வு, உடனடிப் பொருளாதாரப் பலனோடு இணைந்த திட்டங்களை விவசாயிகள் அதிகம் ஏற்கிறார்கள், சூழல் நன்மையை மட்டும் காட்டும் திட்டங்களைக் குறைவாகவே ஏற்கிறார்கள் என்றது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: நீண்டநாள் தொடர வைப்பது, தன் பண்ணைக்கோ சூழலுக்கோ பலன் வருவதைத் தானே கண்டுகொள்வது. அதாவது நம்பிக்கை உண்டு, ஆனால் அது பலனுக்குப் பின்னால் வருகிறது. முகாமோ நம்பிக்கையை முதலில் கேட்கிறது.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது நம்மாழ்வாரின் பெயரைச் சொல்லி வருவது. ஒரு மனிதர் ஊர் ஊராக நடந்து பேசி ஆயிரக்கணக்கானோரை இயற்கை வேளாண்மைக்குத் திருப்பவில்லையா, அது விழிப்புணர்வின் வெற்றி இல்லையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர் செய்ததன் பெருமையில் ஒரு சொல்லையும் குறைக்க நான் தயாரில்லை. ஆனால் அவர் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர், மானாவாரி விவசாயிக்குக் கட்டுப்படியாகாத விதையையும் உரத்தையும் வைத்து ஆராய்ச்சி நடத்துவதில் பொருளில்லை என்றுதான் அந்த வேலையை விட்டார். அவர் மேடைகளில் மண்ணைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கடனைப் பற்றியும் பேசினார். வெளியிலிருந்து வாங்குவதைக் குறை, கடன் குறையும் என்பது அவர் தந்த கணக்கு. அவர் பேச்சைக் கேட்டு மாறியவர்களில் நிலைத்தவர்கள் யார் என்று பார்த்தாலும் விடை ஒன்றே. வீட்டு ஆட்கள் வயலில் நிற்கிற குடும்பம், மாடு வைத்திருப்பவர், சொந்த நிலக்காரர், நேரே வாங்கும் வாடிக்கையாளர் பிடித்தவர், வேறு வருமானத்தால் இரண்டு போகத்து நட்டத்தைத் தாங்கியவர். இவற்றில் எதுவும் இல்லாமல் மாறியவர்கள் பலர் திரும்பிவிட்டார்கள். திரும்பியவருக்கு உறுதி குறைவு என்று சொல்வது எளிது. அவர் வீட்டுக் கடன் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வது கடினம்.

இரண்டாவது மறுப்பு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. எல்லாம் காசுக் கணக்குதான் என்றால் மானியத்தை அள்ளிக் கொடுத்துவிட்டால் போதுமே, விவசாயி வெறும் இலாபத்துக்கு ஓடுகிறவரா என்று கேட்பார்கள். நான் சொல்லும் கணக்கு அவ்வளவு சிறியதல்ல. ஆள் கிடைக்கும் நாள், தண்ணீர் வரும் முறை, நிலம் அடுத்த ஆண்டும் தன்னிடம் இருக்குமா என்ற கேள்வி, ஒரு போகம் தவறினால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்னாகும் என்ற அச்சம், அத்தனையும் அதில் அடக்கம். மண்ணின் மேல் பற்றும் அதில் ஒரு வரி, அந்த வரியைச் செலவு செய்ய மற்ற வரிகள் இடம் கொடுக்க வேண்டும். மானியம் மட்டும் போதாது என்பதற்குச் சொட்டுநீரே சான்று. மிச்சப்பட்ட தண்ணீரில் பலர் ஊடுபயிர் போட்டார்கள், தரிசாகக் கிடந்த இன்னும் ஒரு ஏக்கரைத் தென்னையாக்கினார்கள். வயலில் சேமிக்கிற தண்ணீர் ஆற்றுப்படுகை அளவில் மிச்சமாவது அரிது என்று 2018-இல் சயன்ஸ் இதழில் கிராஃப்டனும் மற்றவர்களும் உலகளவில் எச்சரித்ததும் இதைத்தான். அந்த ஏக்கரை நட்டவரைக் குறைசொல்ல மாட்டேன். நிலத்தடி நீரை ஊர் முழுக்கப் பங்கிடும் ஏற்பாடு ஒன்று இல்லாதபோது, தான் எடுக்காததைப் பக்கத்துப் போர் எடுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத் தண்ணீர் விடுவதை விவசாயிகள் ஏற்று வாழ்கிறார்கள். பங்கீட்டு விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் கட்டுப்பாடும் வரும் என்பதற்கு அது போதும்.

அப்படியானால் அறிவுக்கு இடமே இல்லையா என்பது மூன்றாவது கேள்வி. உண்டு, பெரிய இடம் உண்டு. அந்தக் குளவி இல்லாமல் மாவுப்பூச்சி அடங்கியிருக்காது, அதை அடையாளம் கண்டு வரவழைத்துப் பெருக்கியது ஆராய்ச்சியாளர்களின் அறிவுதான். 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது, மருந்தடிக்காதீர்கள், இலையில் படியும் கரும்பூஞ்சைக்கு மைதாப் பசைக் கரைசலைத் தெளியுங்கள், இயற்கை எதிரிகளை விட்டுவையுங்கள் என்று பல்கலைக்கழகம் சொன்னதும் பயனுள்ள அறிவு. அதிலும் ஐம்பதடித் தென்னையின் உச்சிக்குப் பசை தெளிக்க யாரால் முடியும் என்ற கேள்வி உடனே எழுந்தது என்பதை மறக்கக் கூடாது. பயன்படுத்தக் கூடிய பொருளாக, கருவியாக, விலையாக மாறி வரும் அறிவை விவசாயி உடனே எடுத்துக்கொள்கிறார். உபதேசமாக வரும் அறிவுதான் தங்குவதில்லை. ஆந்திரத்தில் 2016 முதல் நடக்கும் இயற்கை வேளாண்மைத் திட்டத்தைப் பயிற்சியின் வெற்றியாகக் காட்டுவோர், அங்கே மகளிர் குழுக்கள் மூலம் அந்தந்த ஊர் விவசாயிகளே ஆண்டுக்கணக்கில் அண்டை வயல்களுக்குத் துணை நிற்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஒருநாள் முகாமுக்கும் அதற்கும் உறவில்லை.

விழிப்புணர்வுக் கருத்தின் அபாயம், அது பொறுமையிழந்தால் கட்டளையாக மாறிவிடும் என்பது. சொல்லியும் கேட்கவில்லையா, தடைசெய் என்ற இடத்துக்கு அது ஓரடியில் போய்விடுகிறது. 2021-இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் நிறுத்தியது. எருவும் இல்லை, மாற்று உரமும் இல்லை, மண் மாறுவதற்கு வேண்டிய ஆண்டுகளும் கொடுக்கப்படவில்லை. நவம்பருக்குள் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று, ஆனாலும் அந்தப் பெரும்போகத்து நெல் சரிந்தது, நெல் விவசாயிகளுக்கு இழப்பீடும் அறிவிக்க நேர்ந்தது. அந்த விவசாயிகளுக்கு இயற்கை வேளாண்மை பற்றி முன்பு வெறுப்பில்லை. அந்த ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெயரை அவர்களிடம் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கொங்கு விவசாயிகள் தம் கணக்கை மறைத்து வைத்தவர்களும் இல்லை. 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின் கட்டணத்துக்கு எதிராக மாட்டுவண்டிகளைக் கோவை நகரத்துக்குள் ஓட்டிவந்து நிறுத்தியபோது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனபோது, அவர்கள் கேட்டது கட்டுப்படியாகும் கணக்கைத்தான். அரை நூற்றாண்டாக உரக்கச் சொல்லப்பட்ட ஒன்றைக் கேளாமல், அவர்களுக்குத் தெரியவில்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். இந்தக் கருத்து ஏன் இவ்வளவு வசதியாக நிலைத்திருக்கிறது என்றால், இது யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அரசு விலையைத் திருத்த வேண்டாம், வாங்குபவர் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், நிலச் சொந்தக்காரர் குத்தகையை எழுதிக்கொடுக்க வேண்டாம். மாற வேண்டியவர் ஒருவர்தான். வாய்ப்பேச்சுக் குத்தகையில் வாழையோ மஞ்சளோ வைக்கிறவர், மூன்று ஆண்டு கழித்துப் பலன் தரும் தொழுவுரத்தை அடுத்தவர் நிலத்தில் எதற்குக் கொட்ட வேண்டும்? சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்டபோது, அங்கிருந்த விவசாயியிடம் எந்த விழிப்புணர்வைக் குறை சொல்ல முடியும்?

ஆர்.எஸ்.புரம் செய்யக் கூடியது இங்கே நிறைய உண்டு. ஓட்டை விழுந்த கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டு, பளபளப்பானதைப் பொறுக்கிக்கொண்டு, விஷமில்லாத காய் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்பதை நிறுத்துவது ஒன்று. சான்றிதழுக்குக் காத்திருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில் விளைச்சல் இறங்கும், விலையோ சாதாரணச் சந்தை விலைதான் கிடைக்கும். அந்த மாறுகாலத்துக் காயை நல்ல விலை கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர் கூட்டம் ஒன்று, பத்து முகாமைவிட அதிகம் சாதிக்கும். ஆனால் பெரிய பொறுப்பு அரசுடையது. அங்கக வேளாண்மைக்கான மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டத்தில் இடுபொருளுக்காக விவசாயிக்கு நேரடியாகச் செல்வது ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 15,000 ரூபாய். ஏக்கருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 ரூபாய். ஒரு முறை களையெடுக்கவே அது போதாது. பணமில்லை என்ற பதில் இங்கே செல்லாது. 2022-23-இல் மட்டும் மத்திய அரசு உர மானியத்துக்கு ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி ரூபாய் செலவிட்டது. அந்தத் தொகை மூட்டையோடு சேர்ந்தே போகிறது. பத்து மூட்டை யூரியா வாங்குகிறவருக்குப் பத்து மூட்டைக்கான மானியம் உண்டு. பட்டி அடைத்து, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, ஒரு மூட்டையும் வாங்காதவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலங்களுக்கு மிச்சமாகும் மானியத்தில் பாதியைத் தருவதாக 2023-இல் பிஎம் பிரணாம் என்ற திட்டம் வந்தது. அந்தப் பாதி மாநிலத்தின் கணக்குக்குப் போகிறது. மூட்டையைக் குறைத்தவரின் வங்கிக் கணக்குக்கு, அவர் குறைத்த மூட்டையின் எண்ணிக்கைப்படி, அவர் மண் தேறிவரும் மூன்று ஆண்டுகளுக்கும் அதைச் செலுத்த வேண்டும்.